போமாயின் தோள்

குண்டியாவா என்ற மலையூரில் கெரெங்காவைத் தெரியாதவர்கள் குறைவு. சந்தையில் கிழங்கு விற்கும் பெண்கள்கூட அவன் ஆடிய ஆட்டங்களை விரல்விட்டுச் சொல்வார்கள். நாட்டுக்காக ஒன்பது ரக்பி ஆட்டம், பிறகு இங்கிலாந்தில் இரண்டு குளிர்காலம். அந்த ஒன்பதில் ஏழு ஆட்டங்களில் அவன் தோளில் கை போட்டபடி நின்றவன் போமாய். தாய்மாமன் மகன். இங்கிலாந்துக்கு மட்டும் போமாய் போகவில்லை. ஏன் போகவில்லை என்பது இருபத்தாறு வருடம் கெரெங்காவுக்கு மட்டுமே தெரிந்திருந்தது.

கெரெங்கா பாதி வளர்ந்தது மாமன் வீட்டில்தான். அங்கிருந்து மிஷன் பள்ளிக்கூடம் கூப்பிடு தூரம். அதன் மைதானம் ஒரு பக்கமாகச் சரிந்து கிடக்கும். பந்து கைதவறினால் காப்பித் தோட்டத்துக்குள் ஓடிவிடும், யார் போய் எடுப்பது என்று சண்டை வரும். கெரெங்கா பத்தாவது வரை படித்தான், இங்கிலீஷ் பேச வந்தது. போமாய் மூன்றாவதோடு நின்றுவிட்டான். ஆனால் மைதானத்தில் யாருக்கு மூளை அதிகம் என்று கேட்டால் கெரெங்காவே போமாயைத்தான் காட்டுவான்.

ரக்பி லீகில் ஸ்க்ரம் என்று ஒன்று உண்டு. இரண்டு அணியின் முன்வரிசைக்காரர்களும் தலை குனிந்து, முட்டிக்கொண்டு நிற்பார்கள். இரண்டு ஓரத்திலும் மலைபோல ஆளுக்கொரு தடியன். நடுவில் ஒருவன் அந்த இருவரின் தோளிலும் கை போட்டுத் தொங்கியபடி, உள்ளே உருட்டிவிடும் பந்தைக் காலால் பின்னுக்கு இழுக்க வேண்டும். ஓரத்துத் தடியன் சரிந்தால் நடுவில் இருப்பவனின் கழுத்து போய்விடும். கெரெங்கா ஓரம், போமாய் நடு. பன்னிரண்டு வருடத்தில் ஒருமுறைகூட கெரெங்கா சரிந்ததில்லை.

கொரோகாவில் நடந்த அந்த ஆட்டத்தை இன்றைக்கும் பேசுகிறார்கள். கடல் தாண்டி வந்த பெரிய அணி. ஜனங்கள் சவுக்கு மரங்களிலும் கடைக்கூரைகளிலும் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். முதல் பாதி முடியப்போகிற நேரம், போமாயின் இடது தோள்மூட்டு விலகிவிட்டது. முகம் சாம்பலாகிவிட்டது அவனுக்கு.

"டாக்டரைக் கூப்பிடட்டுமா?" என்றான் கெரெங்கா.

"கூப்பிட்டே, கொன்னுடுவேன். வெளியே உக்கார வெச்சிடுவாங்க. நீயே இழு மச்சான்."

கெரெங்கா அவன் அக்குளில் பாதத்தை ஊன்றிக் கையை இழுத்தான். மூட்டு உள்ளே போய் உட்கார்ந்தது. போமாய் எழுந்து, எச்சிலைத் துப்பிவிட்டு, கடைசி நிமிடம் வரை ஆடினான். இரண்டு வெள்ளைக்காரர்களின் கால்களுக்கிடையே புகுந்து எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தை வைத்துப் புள்ளி எடுத்ததும் அவன்தான். இரண்டே புள்ளியில் தோற்றார்கள். தோற்ற அணியைத் தோளில் தூக்கிக்கொண்டு போனது ஜனம். ஒரே பெயரைத்தான் கத்தினார்கள். "போமாய்! போமாய்!"

மறுநாள் பேப்பரில் முதல் பக்கத்தில் போமாய் படம் பெரிதாக வந்தது. அதில் கெரெங்காவின் ஒரு காது மட்டும் தெரிந்தது.

அன்று மத்தியானம் இங்கிலாந்தின் வடக்கே ஏதோ மில் ஊரிலிருந்து வந்திருந்த கிளப்காரர் ஒருவர் இருவரையும் ஓட்டலுக்குக் கூப்பிட்டார். கறி வாங்கிப் போட்டார். இருவரையும் கூட்டிப்போகத்தான் வந்தேன் என்றார். அவர் பேசியதைக் கெரெங்கா தங்கள் பாஷையில் சொன்னான், போமாய் வாய் நிறைய மென்றபடி தலையாட்டினான். பிறகு அவர் கேட்டார்: உங்கள் ஆளுக்குப் பழைய அடி ஏதாவது உண்டா? தோள், முட்டி?

கெரெங்கா தட்டைப் பார்த்தான். "இடது தோள் விலகும். அடிக்கடி" என்று இங்கிலீஷில் சொன்னான்.

விலகியது ஒரே ஒருமுறை. அடிக்கடி என்ற சொல் எங்கிருந்து வாயில் வந்தது என்று அவன் பிற்பாடு எத்தனையோ தடவை தன்னையே கேட்டுக்கொண்டான்.

கிளப்காரரின் முகம் மாறியதைப் போமாய் கவனித்துவிட்டான். "என்னடா கேக்குறாரு?"

"உன் உயரம் எவ்வளவுன்னு கேக்குறாரு."

"பாத்தா தெரியலையாமா? எந்திரிச்சு நிக்கட்டுமா?" போமாய் சிரித்துக்கொண்டே எழுந்து, நெஞ்சை நிமிர்த்தி, நுனிக்காலில் நின்று காட்டினான். கிளப்காரரும் மரியாதைக்குச் சிரித்துவைத்தார்.

டிக்கெட் ஒன்றுதான் வந்தது.

அந்த மில் ஊரில் கெரெங்காவுக்கு மீன் வறுக்கும் கடை மாடியில் ஓர் அறை கொடுத்தார்கள். பனியில் மைதானம் கல்லாக இருந்தது. ஸ்க்ரத்தில் நடுவில் நின்ற ஆள் நல்லவன்தான், ஆனால் அவன் கை தோளில் விழுகிற இடம் வேறு, பிடிக்கிற விதம் வேறு. கெரெங்கா முதல் முறையாகச் சரிந்தான். பிறகு அடிக்கடி சரிந்தான். எழுத வராத போமாய் மாதம் ஒரு கேசட்டில் பேசி அனுப்புவான். பின்னணியில் பன்றிகள் உறுமும், மாமன் குறுக்கே புகுந்து குளிர் எப்படி என்று கேட்பார். "நாலு விரக்கடை குள்ளமா பொறந்துட்டேன் மச்சான், இல்லாட்டி உன் பக்கத்துல நின்னுருப்பேன். எனக்கும் சேத்து அடி!" என்பான் போமாய். கெரெங்கா அந்தக் கேசட்டுகளை ஒருமுறைக்கு மேல் கேட்டதில்லை. பதிலுக்குப் பேசி அனுப்பியதும் இல்லை.

இரண்டாவது குளிர்காலத்தில் முட்டியில் தசைநார் கிழிந்தது. வைத்தியம் பார்த்து, கைகுலுக்கி, விமானம் ஏற்றிவிட்டார்கள்.

ஊரில் போமாய் நெடுஞ்சாலையில் பயணிகள் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். முப்பத்தைந்து வயது வரை ஊர் அணிக்கு ஆடினான். அந்தத் தோள் மறுபடி ஒருமுறைகூட விலகவில்லை. ஒவ்வோர் ஆட்டத்திலும் கோட்டோரம் உட்கார்ந்து கெரெங்கா அந்தத் தோளையே பார்த்துக்கொண்டிருப்பான். ஆட்டம் முடிந்து வெற்றிலைபாக்கு மெல்லும்போது போமாய் தன் கதையைச் சொல்வான். "இங்கிலாந்து எனக்கு நாலு விரக்கடையில தப்பிப்போச்சு!" வண்டியில் ஏறுகிறவர்கள், மகன்கள், மருமகள் என எல்லோருக்கும் அது பாடம். கேட்டவர்கள் சிரிக்க, கெரெங்காவும் சிரிப்பான்.

உண்மையைச் சொல்லச் சொன்னது கெரெங்காவின் மனைவி ஒட்டிலியா. மாமன் செத்து, துக்க விருந்துக்குக் குழியில் கறி வேகவைக்கக் கல் சுட்டுக்கொண்டிருந்தபோது, புகையில் நின்றபடி அவன் அவளிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

"அம்மா வழி ஆளுங்களுக்குப் போய் இதைச் செஞ்சிருக்கியே. அவங்க இல்லாம உனக்கு உடம்பு ஏது?" என்றாள் அவள். "தப்புக்கு ஈடா பெரிய பன்னியைப் பிடிச்சுட்டுப் போ. போய்ச் சொல்லு."

அவன் போனான். போமாய் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"என்ன மச்சான், பன்னியோட உலாத்துறே? யாருக்குக் கல்யாணம்?"

கெரெங்கா கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே சொன்னான். ஓட்டலில் நடந்ததை, கேட்ட கேள்வியை, சொன்ன பதிலை. போமாய் வாளியைக் கீழே வைத்தான்.

"உயரம் கேக்கலையா அப்போ?"

"இல்ல."

"நான் எந்திரிச்சு நின்னேனே."

"ஆமா."

"என்ன சொன்னே அவர்கிட்ட? அப்படியே சொல்லு. அதே வார்த்தை."

"விலகும்னு சொன்னேன். அடிக்கடின்னு."

போமாய் ஈரக்கையை அரைக்கால் சட்டையில் துடைத்தான். கை ஓங்குவான் என்று கெரெங்கா எதிர்பார்த்தான். ஓங்கினால் நன்றாயிருக்கும் என்றுகூட நினைத்தான்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா ரெண்டு குத்து விட்டிருப்பேன். அவர் பின்னாடியே ஓடிப்போய், தோளைச் சுத்திக் காட்டியிருப்பேன். இப்ப ஏன்டா வந்து சொல்றே?"

கெரெங்கா பன்றியை வேலிக்கம்பில் கட்டப் போனான்.

"பன்னியை ஓட்டிட்டுப் போயிடு. இங்க கட்டினா எதுக்குன்னு என் தம்பிங்க கேப்பாங்க. நான் சொன்னா நாளைக்கே உங்க தோட்டத்துல கோடாலியோட நிப்பாங்க. இதுக்காக யாரும் சாக வேணாம்."

"போமாய்..."

"போ மச்சான். வண்டி கழுவணும்."

பன்றி வர மறுத்து முரண்டு பிடித்தது. வழியெல்லாம் ஆட்கள் நிறுத்தி விசாரித்தார்கள். விற்கப் போனேன், விலை படியவில்லை என்று சொல்லிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தான்.

அதன்பிறகும் பேச்சுவார்த்தை நிற்கவில்லை. போமாய் வண்டியை நிறுத்தி ஏற்றிக்கொள்கிறான், காப்பி விலை பற்றிப் பேசுகிறான், மண்சரிவு பற்றிப் பேசுகிறான். போமாயின் அக்கா மகனுக்குப் பிள்ளை பிறந்தபோது கறியில் கெரெங்காவின் பங்கு குறையாமல் வந்தது. ஆனால் நாலு விரக்கடைக் கதையை அவன் பிறகு சொல்லவில்லை. போன வருடம் வண்டியில் ஒருவர் ஆசையாகக் கேட்டார், "அண்ணே, அந்த இங்கிலாந்துக் கதையைச் சொல்லுங்க." போமாய் சாலையைப் பார்த்தபடி, "அதெல்லாம் மறந்துபோச்சு" என்றான்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கெரெங்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். தன் பாரத்தை இறக்கி வைக்கப் போய் அவனிடமிருந்த கடைசிச் சிரிப்பையும் பிடுங்கிக்கொண்டோமே என்று இருந்தது. வீட்டுத் திருப்பம் வர இன்னும் ஆறு கிலோமீட்டர் இருந்தது. இங்கேயே இறங்கிக்கொள்கிறேன் என்று சொல்லி, கெட்ட முட்டியோடு நடந்தே போனான்.