சிஞ்ஞோரா தந்த குசினி

பலேர்மோவில் ஜசிந்தாவுக்கு அது முதல் காலை. கல்யாணம் முடித்த கையோடு நான் இங்கே வந்துவிட்டேன். வதிவிட அனுமதியான பெர்மெஸ்ஸோ கிடைத்து அவள் கொழும்பிலிருந்து வந்துசேர ஆறு வருடம் பிடித்தது. தண்ணீர் குடிக்கக் கிளாஸ் தேடினாள். "பிரெஸ்ஸுக்குள்ளை இருக்கு, எடும்" என்றேன். அறையைச் சுற்றிப் பார்த்தாள். சுவர் அலுமாரியைத் திறந்து காட்டினேன். "அலுமாரி எண்டு சொன்னால் வாய் நோகுமோ?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

இத்தாலியில் இருப்பவன் வாயில் இத்தாலியன்தான் வரும் என்று ஊரில் நினைப்பீர்கள். எனக்கு வந்தது அதுவுமில்லை, பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலமுமில்லை. நான் வேலை செய்த வீட்டு எசமானியம்மா, சிஞ்ஞோரா, ஸ்கொட்லாந்துக்காரி. அங்கே ஒரு மீன்பிடிக் கிராமத்தில் பிறந்து, பலேர்மோக்காரர் ஒருவரைக் கட்டி, அவர் காலமான பிறகும் இங்கேயே நின்றுவிட்டவர். போர்கோ வெக்கியோ சந்தையில் மீன்காரனோடு சிசிலியனில் சண்டை பிடிப்பார். வீட்டுச் சாமான்களை மட்டும் தன் அம்மா சொன்ன பெயரால்தான் சொல்வார். சுவர் அலுமாரி பிரெஸ். மீன் பரிமாறும் பெரிய நீளத் தட்டு அஷெட். கூட்டுகிற தும்புத்தடி பிஸம். துடைக்கிற துணி க்ளூட். சின்ன வயதில் இந்தச் சொற்களை வகுப்பில் சொன்னால் வாத்தியார் அடிப்பாராம். அதனால் வீட்டுக்குள்ளேயே வைத்துப் பழகிவிட்டாராம்.

எனக்கு அது வசதியாகப் போய்விட்டது. ஊர்காவற்றுறையில் எங்கள் வீட்டில் ஆண்பிள்ளைகள் குசினிக்குள் போவதில்லை. சாப்பாடு மேசைக்கு வரும், தண்ணீர் கைக்கு வரும். தாச்சி, சருவம், அரிதட்டு என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் கேட்கும். எது எதுவென்று எனக்குத் தெரியாது. கூட்டவும் சமைக்கவும் நான் கற்றது சிஞ்ஞோராவிடம்தான். எனவே பெயர்களும் அவருடையவை. "உன் அம்மா இதற்கு என்ன சொல்வார்?" என்று எதையாவது தூக்கிக்காட்டிக் கேட்பார். "அதேதான் சிஞ்ஞோரா" என்று சமாளித்துவிடுவேன்.

இந்தக் கெட்டித்தனத்தைத்தான் ஜசிந்தாவிடம் காட்டினேன். அவள் கூட்டினால் பிஸத்தைப் பிடிக்கும் விதம் சொல்லிக் கொடுத்தேன். க்ளூட்டைப் பிழிந்து விரிக்கச் சொன்னேன். அஷெட்டைப் பிரெஸ்ஸின் அடித்தட்டில்தான் வைக்க வேண்டும் என்று அவள் வைத்ததை எடுத்து மாற்றி வைத்தேன். உதவி செய்கிறேன் என்ற நினைப்பு எனக்கு. டிசம்பர் நடுவில் ஒருநாள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"சமைக்கிறதும் நீங்கள், கூட்டுறதும் நீங்கள். நான் இஞ்சை என்னத்துக்கு வந்தனான்? சொந்த வீட்டிலை விருந்தாளியோ? வருசம் பிறக்கக் கொழும்புக்குத் திரும்பிப் போறன்."

பகிடி என்று நினைத்தேன். பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே இழுத்து வைத்தாள்.

வருடத்தின் கடைசி நாளன்று சிஞ்ஞோரா வீட்டில் பெரிய துப்புரவு நடக்கும். புது வருடம் அழுக்கு வீட்டுக்குள் காலடி வைக்கக் கூடாது என்பது அவர் ஊர் வழக்கம். ரெட் பண்ணுவது என்பார். பொங்கலுக்கு முதல் நாங்கள் வீடு கழுவுவதுபோலத்தான். அந்த வருடம் அவருக்கு முழங்கால் வீக்கம். "உன் மனைவியையும் கூட்டி வா" என்றார்.

சிஞ்ஞோரா கதிரையில் இருந்தபடி குசினிச் சாமான்களை ஒவ்வொன்றாகத் தூக்கினார். வழக்கமான கேள்விதான், இந்தமுறை ஜசிந்தாவைப் பார்த்து. நான் மொழிபெயர்த்தேன். பொரிக்கும் சட்டிக்கு "தாச்சி" என்றாள் ஜசிந்தா. "டாச்சி" என்றார் சிஞ்ஞோரா. சல்லடைக்கு "அரிதட்டு." சிஞ்ஞோரா திணறிச் சிரித்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். ஆறு வருடமாக நான் அவிழ்த்துவிட்ட 'அதேதான்' எல்லாம் அந்தப் பார்வையில் இருந்தது. கம்பளங்களைத் தட்டும்படி என்னைப் பல்கனிக்கு அனுப்பிவிட்டார்.

திரும்பி வந்தபோது பிரெஸ் காலியாகிக் கிடந்தது. ஜசிந்தா அஷெட்டைத் துடைத்து மேல்தட்டில் வைத்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு விரற்கடை நகர்த்தவும் சிஞ்ஞோரா விடாத அஷெட்! "சிஞ்ஞோரா, அது கீழே..." என்று தொடங்கினேன். "அவளுக்குத் தெரியும், நீ போ" என்றார். "இஞ்சருங்கோ, வழியிலை நிக்காதேங்கோ" என்றாள் இவள். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழியில்லை. என்னைத் துரத்துவதில் நல்ல ஒற்றுமை.

வீட்டுக்கு வந்ததும் ஜசிந்தா சேலையைச் செருகிக்கொண்டு எங்கள் குசினியையும் கழுவத் தொடங்கினாள். நான் தோளில் துணியைப் போட்டுக்கொண்டு பின்னால் போனேன்.

"நிலம் ஈரமாக்கிடக்கு. அங்கையே நில்லுங்கோ."

"தண்ணி விடாய்க்குது. கிளாஸ் எங்கை?"

"அலுமாரிக்குள்ளை. பொறுங்கோ, நான் எடுத்துத் தாறன்."

ஊர்காவற்றுறையில் நின்றதுபோலவே வாசலில் நின்றேன். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. உள்ளே போகத்தான் ஆசையாக இருந்தது. என் குசினியும் அல்லவா அது. பெட்டி இன்னும் கட்டிலருகேதான் இருந்தது. கேட்கப் பயமாக இருந்தாலும் கேட்டேன்.

"அப்ப கொழும்பு?"

அவள் நிமிரவில்லை. கையை மட்டும் என் தோளில் கிடந்த துணிப் பக்கம் நீட்டினாள்.

"முதல் அந்த க்ளூட்டைத் தாங்கோ."