ஒன்றை அழுத்தும் வீடு

காலை 9.10. தாம்பரத்தில் பேருந்து கிளம்பியது. உட்கார இடம் கிடைத்தது முன்ஜென்மப் புண்ணியம். பையில் ஒரு மருத்துவமனையின் படிவக் கட்டு. இதய சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்கள் உண்மையிலேயே தேறினார்களா என்று நேரில் போய்ப் பார்ப்பது என் வேலை. மாதந்தோறும் அவர்களுக்குத் தானியங்கி அழைப்பு ஒன்று போகும். நலம் என்றால் ஒன்றை அழுத்த வேண்டும், இல்லையென்றால் இரண்டை. அந்த ஒன்றுகளைக் கூட்டித்தான் மருத்துவமனை தன் முதுகைத் தானே தட்டிக்கொள்கிறது. எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் கோவளம் எத்திராஜின் கணக்கில் பதினொரு மாதமும் ஒன்றுதான். தேறிய ஒரு மனிதரையாவது பார்க்கப்போகிறேன் என்று உற்சாகமாகவே இருந்தது.

10.25. கேளம்பாக்கம் சந்திப்பு. கோவளத்துக்கு ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர். ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய். ஓட்டுநரிடம் வழி கேட்டேன்.

“எத்திராஜண்ணனையா பாக்கப் போற? இன்னாத்துக்கு அக்கா?”

“உடம்பு எப்படி இருக்குன்னு கேட்கத்தான்.”

கண்ணாடியில் என்னை ஒரு தரம் பார்த்தார். பக்கத்திலிருந்த மீன்கார அம்மாள் கூடையோடு நகர்ந்து உட்கார்ந்தார்.

10.50. படகுகளைத் தாண்டி மூன்றாவது வீடு. எத்திராஜின் மனைவி சரசா கதவைத் திறந்தார். உள்ளே கட்டிலில் விரிப்பு புதிதாகப் போட்டிருந்தது. தலையணை மேல் ஒரு கைப்பேசி.

“குந்தும்மா. பதினோரு மணிக்கு வந்துடும்.”

“யாரு, அவரா?”

சரசா விரிப்பின் சுருக்கத்தை நீவிவிட்டார்.

11.00. கைப்பேசி அடித்தது. சரசா ஒலிபெருக்கியைப் போட, பதிவுக் குரல் பேசியது.

“வணக்கம், எத்திராஜ் அவர்களே! நலமாக இருக்கிறீர்களா?”

சரசா நிதானமாக ஒன்றை அழுத்தினார்.

“அவர் எங்கேம்மா?”

“வூட்டுக்கு வந்த ஒம்பதாம் நாளே மூச்சு முட்டிப் போய்ட்டாரு. மொத தபா ரெண்டுதான் அழுத்தினேன். ஒரு பொண்ணு லைன்ல வந்து, ‘இறந்துட்டாருன்னா பேரை எடுத்துடுறோம்’னுச்சு. தப்பா அழுத்திட்டேன்னு சொன்னேன். ஒண்ணுன்னு போட்டுக்கினாங்க. இப்போ ஊருல எவனும் அவரு பேர எடுக்கறதில்ல. இது மட்டுந்தான் மரியாதையா கூப்புடுது. எழுதாதம்மா.”

ஒன்பதாம் நாள் மூச்சு முட்டல். அதை யாரும் எழுதாவிட்டால், அடுத்தவரையும் அப்படியே வீட்டுக்கு அனுப்பிவிட்டு நலம் என்று போட்டுக்கொள்வார்கள். எழுதினேன். அழுதுகொண்டுதான் எழுதினேன். சரசா என்னை வாசல்வரை வந்து வழியனுப்பவில்லை.

தாம்பரத்தில் எங்கள் வீட்டில் ஒருவர் பேரை ஒருவர் நாளைக்கு நூறு தரம் கத்துகிறோம். அடுத்த மாதம் அதே தேதி, காலை பதினொரு மணிக்கு அந்தக் கூச்சலை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. நான் எழுதியதால் எத்திராஜின் பேரை எடுத்திருப்பார்கள், அந்தத் தானியங்கி அழைப்பு போயிருக்காது. மொட்டைமாடிக்குப் போய், படிவத்திலிருந்த அவர் எண்ணை நானே அழைத்து, அந்தக் குரலைப் போலவே கேட்டேன்.

“வணக்கம், எத்திராஜ் அவர்களே! நலமாக இருக்கிறீர்களா?”

மறுமுனையில் ஒரு பொத்தானை அழுத்தும் ஓசை கேட்டது.