எட்டு எம்.எம். பானை ஓடு

பழங்காலத்தில் மக்கள் குடியிருந்த மேடுகளைத் தேடி, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இணையத்தில் பட்டியல் போடுவது என் வேலை. வெயிலில் குனிந்து பானை ஓடு பொறுக்கியவர்களுக்கு என் இடுப்பின் கதையைச் சொல்லத் தேவையில்லை.

ஒரு வாரக் கெடு

பொட்டிபுரம் பக்கம் ஒரு மேடு. கால் வைத்த இடமெல்லாம் கருப்பு சிவப்பு ஓடுகள். தோட்டத்துச் சொந்தக்காரர் கருப்பையா அண்ணன் அதைச் சமப்படுத்தித் தென்னை வைக்க ஜேசிபிக்குச் சொல்லிவிட்டார். காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன்.

“செத்தவுக சட்டிய வச்சு நீ பொழைக்கிற. நான் தென்னைய வச்சுப் பொழைக்க வேணாமா அப்பு? ஒரு வாரம் பாப்பேன். அதுக்குள்ள ஒன் பட்டியல்ல ஏத்திட்டு வா, யோசிக்கிறேன்.”

இலவசம்

எந்த ஓடு எந்த மேட்டில் எடுத்தது என்று தெரியாவிட்டால் பட்டியலில் ஏற்ற முடியாது. பொட்டிபுரம் ஓடுகளை ஒரு சாக்கிலும், அதற்கு முன் குரங்கணி மேட்டில் எடுத்த ஓடுகளை இன்னொரு சாக்கிலும் போட்டு, சீட்டு எழுதிவைத்தேன். போடியில் சிக்கந்தர் பாயின் ஏலக்காய் மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் ஒரு மூலை கிடைத்தது. என் வேலையை விளக்கியதும் பாய் நிஜமாகவே வருத்தப்பட்டார்.

“இம்புட்டு மெனக்கெட்டுப் பொறுக்கி ஊருக்கே சும்மா காட்டுறீகளா? ஏலத்துலயாச்சும் விடலாம்ல தம்பி!”

தரம் பிரிப்பு

கேமராவைப் பழுது பார்க்க மதுரைக்குப் போய் மறுநாள் திரும்பினேன். கிட்டங்கியில் என் சாக்குகள் காலி. தரையில் அழகாக மூன்று குவியல்: பெரிசு, நடுத்தரம், பொடி. லோடு வராத நேரத்தில், ஏலக்காய் பிரிக்கும் பெண்கள் இரண்டு ஊர் ஓடுகளையும் ஒன்றாகக் கொட்டிச் சலித்திருந்தார்கள். சீட்டுகள் குப்பைக்குப் போயிருந்தன. கெடு முடிய இரண்டே நாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர்களில் மூத்தவரான மாரியம்மாள் அக்கா பாராட்டுக்காகக் காத்திருந்தார்.

“பெருசும் சிறுசும் கலந்து கெடந்தா எவன் எடுப்பான்? ஏலக்காயில மொதத் தரம் மாதிரி எட்டு எம்.எம். தனியா வச்சிருக்கோம், பாருங்க.”

மறுபடியும் தரம் பிரிப்பு

பொறுக்குமுன் தரையிலேயே ஒவ்வொரு ஓட்டையும் போனில் படம் எடுத்திருந்தேன். ஆனால் ஓட்டையும் படத்தையும் ஒப்பிட எனக்கு ஒரு மாதமாவது ஆகும் என்று புலம்பினேன். மாரியம்மாள் அக்கா என் போனைப் பிடுங்கி நடுவில் வைத்துக்கொண்டார். பச்சைக் காயில் பழுப்பைக் கண்டுபிடிக்கும் கண்கள் அவை. சாப்பாட்டு நேரத்துக்குள் இரண்டு ஊரும் பிரிந்துவிட்டன.

“அழுகாம இத மொதல்லயே சொல்லிருந்தா வெரசா முடிச்சிருப்போம்ல!”

பக்கத்துத் தோட்டம்

கெடு முடியும் நாளில் மேடு பட்டியலில் ஏறியது. கருப்பையா அண்ணன் என் போனை வாங்கி, வரைபடத்தை முன்னும் பின்னும் நகர்த்தி வெகுநேரம் பார்த்தார். ஜேசிபி வேலியோரம் நின்றிருந்தது.

“என் எடம் மட்டுந்தானா? பக்கத்துத் தோட்டத்துக்காரன் எடம் இதுல இல்லயா? மெய்யாவே இல்லயா? அப்பச் சரி. வண்டிய திருப்பச் சொல்றேன்.”

பட்டியலில் ‘பாதுகாத்தவர்’ என்ற கட்டத்தில் கருப்பையா அண்ணன் பெயரைத்தான் எழுதினேன். நியாயமாகப் பார்த்தால் பக்கத்துத் தோட்டத்துக்காரர் பெயரையும் எழுதியிருக்க வேண்டும்.