தேன்மொழி ஆடிய மொட்டை மாடி

செவ்வாய்க்கிழமை காலை குக்கர் இரண்டாவது விசில் விடும்போது போன் அடித்தது. தேன்மொழியின் கணவர் சம்பத். அந்த நேரத்தில் அவர் என்னை அழைத்ததே இல்லை. நான் எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது. ஒன்றரை வருடமாக நான் பயந்துகொண்டிருந்த அழைப்பு அதுதான் என்று தெரிந்துவிட்டது. அடுப்பை அணைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன். "தேனு போயிட்டா, கலாம்மா. தூக்கத்துலயே," என்றார்.

இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும், வேங்கிக்கால் அலுவலகத்தில் அவளோடு வேலை பார்த்த உங்களுக்கு அவளைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பதினாறு வருடம் எனக்குப் பக்கத்து மேசை. ஆனால் அவளுடைய ஞாயிற்றுக்கிழமைகளை உங்களில் பலர் கேலிப்பேச்சாக மட்டும்தான் கேட்டிருப்பீர்கள்.

செங்கம் ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் மார்த்தா என்ற போர்ச்சுகல் பெண்மணி வாடகைக்கு இருக்கிறார். அவர் வீட்டு மொட்டை மாடியில் ஏழெட்டு நண்பர்கள் சாயங்காலம் கூடுவார்கள். ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுபோக வேண்டும். முதலில் ஆட்டம், பிறகு சாப்பாடு. மார்த்தா கற்றுக்கொடுத்தது ஸ்விங் நடனம். இரண்டு பேர் கைகோத்து, இழுத்து, சுழற்றிவிட்டு, மறுபடி பிடித்துக்கொள்வது. "ஸ்விங்னா ஊஞ்சல்தானே, அதுக்கு எதுக்குடி ஷூ?" என்று அவள் அதற்காக வாங்கிய ஷூவைப் பார்த்து நான் கேட்டேன். "வாரத்துக்கு ஒரு தடவையாவது யாராச்சும் என்னைச் சுத்தி விடணும் கலா. இல்லன்னா ஃபைலோட ஃபைலா ஒட்டிக்குவேன்," என்றாள். என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். நான் ஆடமாட்டேன். நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம், சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே சொன்னாள்: "எக்கோ எடுத்தாங்க. ஹார்ட் பம்ப் பண்றது ரொம்ப கம்மியா இருக்குதாம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்றாங்க." மகள் சத்யாவின் கல்யாணம் பேசி முடித்திருந்த சமயம். அது முடியும்வரை யாருக்கும் தெரியக்கூடாது என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். நான் ஏன் சத்தியம் செய்துகொடுத்தேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் ஆடப் போனாள். கத்திரிக்காய்க் காரக்குழம்பு கொண்டுவந்திருந்தாள். கல்லூரியில் பாடம் நடத்தும் பாபு சார்தான் எப்போதும் அவளுக்கு ஜோடி. பாட்டு வேகமெடுத்தது. எல்லோரும் அவள் காலைப் பார்த்தார்கள். நான் அவள் மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்துபோய் நிறுத்த வேண்டும் என்று தோன்றியது. எழவில்லை. சிரித்துக்கொண்டே சுழன்றவளின் கை, பாபு சாரின் தோளிலிருந்து நழுவியது. அந்த நொடியில் கரண்ட் போனது.

பாட்டு நின்றது. இருட்டில் எல்லோரும் சிரித்தார்கள். "தேனு!" என்று கூப்பிட்டேன். "தேனு!" நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினேன். யாரோ செல்போன் விளக்கைப் போட்டார்கள். தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் வேர்வை. "பையில மாத்திரை," என்றாள். மூடியைத் திருகும்போது டப்பி கைதவறி, அத்தனை மாத்திரையும் தரையில் சிதறின. தரையில் முட்டி போட்டுத் தடவித் தடவி ஒன்றை எடுத்து அவள் நாக்குக்கு அடியில் வைத்தேன்.

நெஞ்சுவலி கொஞ்சம் தணிந்ததும், "கால் பிசகிடுச்சு, வேற ஒண்ணுமில்ல," என்று எல்லோரிடமும் சொன்னாள். ஆஸ்பத்திரிக்கு வர மறுத்தாள். வேறு வழியில்லாமல் ஆட்டோவில் வீட்டுக்கு அழைத்துப் போனேன். வழியில் என் காதருகே, "அவர்கிட்ட சொன்னா உன் மூஞ்சில முழிக்க மாட்டேன்," என்றாள்.

சம்பத் கேட்டைத் திறந்து, சிரித்துக்கொண்டே, "இன்னைக்கு ஆட்டம் எப்படி?" என்றார். நான் ஆட்டோவை அனுப்பவில்லை. அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் செருப்புகூடப் போடாமல் ஆட்டோவில் ஏறினார். தேன்மொழி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்றிரவே வேலூருக்குக் கொண்டுபோனார்கள். இதயத்தின் ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். வேலைக்குத் திரும்பியபின் இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. ஃபைலை எங்கள் மேசைகளுக்கு நடுவில் இருக்கும் பெஞ்சில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். நான் அவளைப் பிழைக்கவைத்தேனா, இழந்தேனா என்று தெரியாமல் தினமும் பயந்தபடி அலுவலகம் போனேன். பிறகு ஒருநாள் கல்யாணப் பத்திரிகையை என் மேசையில் வைத்து, "வந்துடு, பயந்தாங்கொள்ளி," என்றாள். கல்யாணத்தில் பட்டுப்புடவையோடு அவள் அங்குமிங்கும் போய்வந்ததை நீங்களும் பார்த்தீர்கள்.

கல்யாணம் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடி அந்த மாடிக்கு வந்தாள். சம்பத்தும் வந்து ஓரமாக உட்கார்ந்தார். மெதுவான பாட்டு மட்டும்தான் என்று மார்த்தா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தேன்மொழி நேராக என்னிடம் வந்து கையை நீட்டினாள்.

"எனக்கு பயமா இருக்கு தேனு. உனக்கு ஏதாவது ஆயிட்டா?"

"எனக்கு மட்டும் பயம் இல்லன்னா நெனைச்ச? உன்னைவிட ஜாஸ்தி. அதுக்குத்தான் ஒரு ஆளைப் பிடிச்சிக்கிட்டு ஆடறேன். எழுந்திருடி."

எழுந்தேன். நாற்பத்தொன்பது வயதில் முதல் முறையாக ஆடினேன். கை கோக்கும்போதே இரண்டு விரலை அவள் மணிக்கட்டில் வைத்துக்கொண்டேன். அவளுக்கு அது தெரிந்தது. "எண்ணாத, காலைப் பாரு," என்றாள். நான் காலையும் பார்த்தேன், எண்ணவும் செய்தேன்.

செவ்வாய்க்கிழமை ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபோது அவள் முகம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. பெட்டியின் கண்ணாடி முழுக்க ஈரம். ஆனால் என் விரல் நுனிக்கு அவளை நன்றாகத் தெரியும். தப்பித் தப்பி ஓடி, ஓரிடத்தில் தயங்கி, மறுபடி பிடித்துக்கொள்ளும் அந்தத் துடிப்பு. அன்று மாடியில் பாட்டு முடிந்து எல்லோரும் கை தட்டிய பிறகும் அது என் விரலுக்கு அடியில் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அதைத்தான் நான் வைத்திருக்கிறேன்.