உயர் நீதிமன்றத்துக்காக நான் அணைத்த கற்பூரம்

என் இடது கன்னத்து வெட்டுக்காயம் உயர் நீதிமன்ற உத்தரவால் வந்தது. பகிடி இல்லை.

ராகலைப் பக்கம் எங்கள் அரசாங்கத் தேயிலைத் தோட்டத்து லய வரிசையில், என் தங்கை புருஷன் தன் ஒற்றைக் காம்பரா வீட்டுக்குப் பின்னால் சமைக்க ஒரு குசினி கட்டினான். அனுமதி இல்லை, உடைப்போம் என்றது நிர்வாகம். வழக்கு கொழும்புக்குப் போனது. அடுத்த விசாரணைத் தவணை வரை யாரும் கை வைக்கக் கூடாது என்று, இலங்கையின் தலைமை நீதிமன்றமான உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. டவுனில் போட்டோ கொப்பிக் கடை வைத்திருக்கும் நான் அதை லேமினேட் செய்து கொண்டுபோனேன்.

மச்சான் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான். "ஒடைக்க வர்றவன் கைய இந்தப் பேப்பர் புடிக்குமா மச்சான்?"

"அதுக்கு மேல நாட்டுல கோர்ட்டே இல்லடா. கத்திய வையி."

அவன் நம்பவில்லை. எங்கள் தோட்டத்தில் சொல் எடுபடாவிட்டால் மாரியம்மன் முன்னால் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்வோம். என் சொந்தப் பேச்சுக்கே ஒருநாளும் சத்தியம் செய்யாத நான், உயர் நீதிமன்றத்துக்காக எரியும் கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தேன். மச்சான் கத்தியை அம்மன் காலடியில் வைத்தான்.

மறுநாள் காலை லொறியில் நிர்வாகத்தின் ஆட்கள் ஏழு பேர் சுவர் இடிக்கும் அலவாங்கோடு வந்து இறங்கினார்கள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கக்கூஸுக்குள் ஓடி, கதவைச் சாத்திக் கொண்டி போட்டேன். நாட்டின் உச்ச நீதியும் என் கக்கத்தில் இடுங்கி உள்ளே நின்றது. தகர ஓட்டை வழியே பார்த்தேன். முதலில் சுவர் விழுந்தது. வெறுங்கையோடு குறுக்கே நின்ற மச்சானின் வலக்கையில் அலவாங்கு இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. மறுபடியும் இறங்கியது. தங்கை அலறினாள்.

எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. உத்தரவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கத்தினேன். ஒருவன் வாங்கி, கிழிக்கப் பார்த்தான். லேமினேட், கிழியவில்லை. அதன் ஓரத்தாலேயே என் முகத்தில் வீசினான். கன்னம் பிளந்து சட்டை நனைந்தது. என் கடையின் தரம் அப்படி.

பொழுது சாய்வதற்குள் தோட்டத்து இளவட்டங்கள் இருபது கத்தியோடு கூடிவிட்டார்கள். கோர்ட்டாவது மண்ணாவது, ஏழு பேரின் வீட்டையும் கொளுத்துவோம் என்றார்கள். கையில் மாவுக்கட்டோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மச்சான் என்னைப் பார்த்தான்.

"ஒன்ன நம்பித்தான் கத்திய வெச்சேன். கோர்ட்ட நான் இன்னும் பாக்கல. தவணைக்குப் போயி, இந்தக் கையக் காட்டிக் கேட்டுட்டு வர்றேன். அதுவரைக்கும் எல்லாரும் கத்திய அம்மன்கிட்ட வைங்க."

"நீ போயிட்டா கத்திக்கு யாரு காவல்?" என்றான் ஒருவன்.

"சத்தியம் பண்ணுனவரு இருக்காருல்ல."

இன்று விடியற்காலை பஸ்ஸில் மச்சான் கொழும்புக்குப் போய்விட்டான். நான் கோயிலில், இருபத்தொரு கத்திகளுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். இளவட்டங்கள் வாசலில் நிற்கிறார்கள். கோயிலுக்குக் கதவே இல்லை, கொண்டி போட.