மலையூருக்குக் கரண்ட் கொடுத்த எங்கள் கார்

மகள் வேலைக்காகப் புனே போன பிறகு வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. "ஜவ்வாது மலைக்குப் போய்ட்டு வரலாமா?" என்று என் கணவர் டேவிட் கேட்டபோது ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. கல்யாணமான புதிதில் பழைய ஸ்கூட்டரில் நாங்கள் முதன்முதலாகப் போன இடம் அது. இந்த முறை எலக்ட்ரிக் கார்.

வேலூரில் காலை எட்டு மணிக்குக் கிளம்பி, ஒடுகத்தூரில் இட்லி சாப்பிட்டு, ஆலங்காயம் வழியாக மலையேறினோம். ஒவ்வொரு வளைவிலும் அவருக்கு ஒரு ஞாபகம். "இங்கதான் வண்டி ஏறாம நீ இறங்கி நடந்த." எனக்கோ அவர் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குளிரில் நடுங்கியதுதான் நினைவில் இருந்தது. அவர் அப்போது ஒல்லியாக இருந்தார். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே மழைக்கோட்டு.

நாங்கள் தங்கிய இடம் ஜமுனாமரத்தூருக்கு முன்பே பிரிகிற பாதையில் ஒரு சிற்றூர். கலா என்பவர் தன் வீட்டை ஒட்டி இரண்டு அறைகள் வைத்திருக்கிறார்; சாப்பாட்டோடு நாளுக்கு 1,200 ரூபாய். மழை வந்தாலே அங்கே மின்வாரிய லைன் போய்விடும். அதனால் ஊரில் உள்ள எட்டு வீடுகளுக்கும் பொதுவாக சோலாரும் பேட்டரியும் உண்டு. அன்று மரம் விழுந்து லைன் அறுந்திருந்தது. நாலைந்து நாளாக வெயிலும் இல்லை. மதியம் மூன்று மணிக்கு பல்புகள் மங்க ஆரம்பித்தன.

கலா கோழிக் கொட்டகைக்கு ஓடினார். முந்தைய நாள்தான் இருநூறு கோழிக்குஞ்சுகள் வந்து இறங்கியிருந்தன. சூட்டுக்குப் போட்டிருந்த பல்புகளின் கீழே அவை ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்கிக்கொண்டிருந்தன.

"இன்னா பண்றதுன்னே தெரில அக்கா. ஜெனரேட்டர் ரிப்பேருக்குப் போயிருக்கு. ராத்திரி குளிர்ல ஒண்ணுகூட தங்காது."

காரிலிருந்து மின்சாரம் எடுக்கும் அடாப்டர் எங்களிடம் இருந்தது. காபி போடத்தான் வாங்கினோம். ஆனால் டேவிட் சார்ஜ் குறையுமென்று மலையேற்றத்தில் ஏசிகூடப் போடாதவர். நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"அடாப்டர எடு," என்றார்.

"நாளைக்கு வழில நின்னுட்டா என்னங்க பண்றது?"

"இறக்கம்தானே, பாத்துக்கலாம்."

சோலார் இன்வெர்ட்டரை அமைத்த எலக்ட்ரீஷியனைக் கலா போனில் பிடித்தார். அவர் சொன்னபடி மின்வாரிய லைனின் மெயின் சுவிட்சை அணைத்தார்கள். ஜெனரேட்டர் மாட்டும் இணைப்பில் காரை மாட்டினார்கள். கொட்டகை பளிச்சென்று ஆனது. கலா வீடு வீடாகப் போய், "ஆளுக்கு ஒரு பல்புதான். மிக்சி, டிவி வேணாங்க," என்று சொல்லிவிட்டு வந்தார். கொஞ்ச நேரத்தில் குஞ்சுகள் பிரிந்து பரவி, தீவனம் கொத்தத் தொடங்கின. அதற்குப் பிறகுதான் அவர் உட்கார்ந்தார்.

டேவிட் காருக்கு அருகிலேயே நின்றார். தூறலில் குடையோடு போய் நானும் நின்றேன். இரண்டு பேருக்கும் இடம் போதவில்லை. அவர் தோள் நனைந்தது. குடையை என் பக்கமே சாய்த்தார். மகள் பிறப்பதற்கு முன்பு நாங்கள் இப்படிச் சும்மா நின்றிருக்கிறோம். எதற்கென்று தெரியாமல் கண் கலங்கியது.

58 சதவீதமாக இருந்த சார்ஜ் காலையில் 36. இறக்கத்தில் வண்டியே சார்ஜ் ஏற்றிக்கொண்டதால் ஆலங்காயத்திலும் 36தான் காட்டியது. வாணியம்பாடி நெடுஞ்சாலையில் சார்ஜ் போட்டோம்.

நீங்கள் போவதாக இருந்தால் மலையடிவாரத்திலேயே முழு சார்ஜ் ஏற்றிக்கொள்ளுங்கள். அடாப்டரை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். வீட்டுக்குக் கரண்ட் கொடுக்கிறோம் என்று காரை நேராக வீட்டு பிளக்கில் மட்டும் செருகிவிடாதீர்கள். கரண்ட் வெளி லைனுக்கும் பாய்ந்தால், அங்கே வேலை செய்பவரின் உயிருக்கே ஆபத்து. விவரம் தெரிந்தவரைக் கேட்டு, மெயினை அணைத்த பிறகே மாட்டுங்கள்.

கிளம்பும்போது கலா அறை வாடகையை வாங்க மறுத்தார். டேவிட் கட்டாயப்படுத்திக் கொடுத்தார்.

"அப்போ வெயில் நாள்ல ஒருதரம் வாங்க சார்," என்றார் கலா. "மத்தியானத்துல எங்க பேட்டரி ரொம்பி வழியும். உங்க வண்டிக்கு நாங்க கரண்ட் குடுக்குறோம்."

மாசியில் போகிறோம்.