பெயரில்லாத பேய்

ஹெர்லிந்தா பகையை மறக்கிறவள் இல்லை. மறந்துவிட்டதுபோல நடிக்கவும் அவளுக்கு வராது. குவானஹுவாத்தோ நகரத்துச் சந்துகளில் முப்பது வருஷமாகச் சுற்றுலாக்காரர்களை அழைத்துக்கொண்டு போகிறவள். சிரிக்கச் சிரிக்கப் பேசுவாள், முட்டிவலிக்காரர்களைக் கைபிடித்துப் படியேற்றுவாள், வெயில் தாங்காதவர்களுக்குத் தன் தொப்பியைக் கழற்றிக் கொடுப்பாள். எவரார்தோ என்ற பெயர் காதில் விழுந்தால் மட்டும் முகம் கறுத்துவிடும். அவன் நாசமாய்ப் போவதைப் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடுவேன் என்று தேவாலயத்தில் முழந்தாளிட்டபடியே, பக்கத்தில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி வேண்டிக்கொண்டவள் அவள். பாதிரியார் கூப்பிட்டுக் கண்டித்தார். "சாமிகிட்ட பொய் சொல்லச் சொல்றீங்களா ஃபாதர்?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டாள்.

குவானஹுவாத்தோவில் வெள்ளி தோண்டிச் சாப்பிட்ட காலம் மலையேறிவிட்டது. இப்போது ஊர் சாப்பிடுவது கதையை விற்று. மலைச்சரிவில் ஒன்றன் தோளில் ஒன்று ஏறி நிற்கிற வீடுகள், நடுவில் இரண்டு பேர் எதிரும் புதிருமாக வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்துகள். சந்துக்கு ஒரு கதை உண்டு. ஒன்றில் காதலன் குத்துப்பட்டான், ஒன்றில் கன்னியாஸ்திரி காணாமல் போனாள், ஒன்றில் கொள்ளைக்காரன் புதைத்த தங்கம் முனகுகிறது. பாதிக் கதைகள் வழிகாட்டிகள் கட்டியவை. ஒருவன் கட்டுவான், மறுநாள் பத்துப் பேர் சொல்வார்கள், அடுத்த வருஷம் அது ஊர்ச் சரித்திரம். யார் கட்டியது என்று யாரும் கேட்பதில்லை, கேட்டால் தொழில் நடக்காது.

ஹெர்லிந்தா பிறந்த புறாச் சந்துக்கு மட்டும் கதை கிடையாது. அங்கே சுரங்கத் தொழிலாளிகள்தான் இருந்தார்கள். அவள் அப்பா தோமாஸ் பாறை துளைத்துத் துளைத்து நெஞ்சு முழுக்கக் கல்தூள் சேர்ந்து, நாற்பது வயதில் படுத்துவிட்டார். அம்மா கசில்தா மூன்று வருஷம் அவரை ஜன்னலோரம் படுக்க வைத்து, சோளக்கஞ்சியைக் கரண்டி கரண்டியாக ஊட்டினாள். அவர் போன பிறகு அதே ஜன்னலில் விளக்கை வைத்துக்கொண்டு, வேலை முடிந்து வருகிறவர்களுக்குப் பன்றிக்கறி அடைத்த சோளரொட்டி விற்றாள். பெண்ணை வளர்த்தது அந்த ஜன்னல்தான். வழிகாட்டி வேலைக்கு வந்த புதிதில் எவரார்தோவும் ஹெர்லிந்தாவும் கூட்டாளிகள். மத்தியானமானால் அவனும் அந்த ஜன்னலுக்குத்தான் வருவான். கசில்தா ரொட்டிக்குள் அவனுக்கு மட்டும் கறியைக் கூடுதலாக வைத்து அமுக்கிக் கொடுப்பாள். அந்தக் கறி அவன் உடம்பில் எங்கே ஒட்டியது என்று ஹெர்லிந்தா பின்னாளில் பலமுறை யோசித்திருக்கிறாள்.

ஏனென்றால் கதையில்லாத சந்துக்குக் கதை கட்டியவன் அவன்தான். எங்கேயும் தேடிப் போகவில்லை. நோயாளிப் புருஷனையும், கரண்டிக் கஞ்சியையும், ஜன்னல் விளக்கையும் அப்படியே எடுத்துக்கொண்டான். கஞ்சியில் விஷத்தை மட்டும் கலந்தான். இருநூறு வருஷத்துக்கு முன்னால், ஸ்பானிய அதிகாரி ஒருவன்மேல் ஆசைப்பட்டு, புருஷனுக்குத் தினம் ஒரு கரண்டி விஷம் ஊட்டிக் கொன்றாளாம் ஒருத்தி. கள்ளக்காதலனுக்கு அடையாளமாக வைத்த விளக்கு இன்னும் எரிகிறதாம். அவள் பெயர் கசில்தாவாம். சாயங்காலம் கூட்டத்தைக் கூட்டிவந்து கீழே நிறுத்தி விரலை நீட்டுவான். மேலே நிஜமான கசில்தா நிஜமான விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கூட்டம் அலறும், படம் பிடிக்கும்.

முதலில் கசில்தா சிரித்தாள். பிறகு தெருப் பிள்ளைகள் "கசில்தா, எனக்கும் ஒரு கரண்டி ஊத்து!" என்று கத்திவிட்டு ஓட ஆரம்பித்தார்கள். ரொட்டி வாங்க வந்தவர்கள் விளையாட்டாக மோந்து பார்த்தார்கள். அப்புறம் விளையாட்டில்லாமல் மோந்து பார்த்தார்கள். அப்புறம் வரவில்லை. அந்த மழைக்காலத்தில் அவள் ஜன்னலைச் சாத்தினாள்.

தியேட்டர் படிக்கட்டில் ஆள் பிடித்துக்கொண்டிருந்த எவரார்தோவை ஹெர்லிந்தா தேடிப் போனாள்.

"எங்கம்மா உசிரோட இருக்கா எவரார்தோ. அந்தக் கதைய நிறுத்து."

"அட, இது உங்கம்மா இல்லம்மா. இது இருநூறு வருஷத்துக் கசில்தா."

"பேரையாவது மாத்தித் தொலைச்சிருக்கலாம்ல?"

"பேருலதான் இருக்கு விஷயமே. கசில்தான்னு சொன்னவொடனே கேக்கறவன் கையில முடி நிக்குது, பாத்திருக்கியா?"

"ஜன்னல் எங்க வீட்டு ஜன்னல்டா!"

"ஏதாவது ஒரு ஜன்னலக் காட்டணும்ல. கோவப்படாத. வாய விட்டுப் போன கதைக்கு ஏது சொந்தக்காரன்? இப்ப ஊர்ல எல்லாப் பயலும் சொல்றான். நான் நிறுத்தினா நின்னுடுமா?"

அவன் சொன்னது உண்மை. அதுதான் அவளுக்கு இன்னும் வயிற்றெரிச்சல். கசில்தா இரண்டு வருஷம் சாத்திய ஜன்னலுக்குப் பின்னால் இருட்டிலேயே இருந்து, ஒரு குளிர்காலத்தில் செத்துப் போனாள். எவரார்தோ மலர்வளையம் அனுப்பினான். ஹெர்லிந்தா அதை அவன் வீட்டு வாசலில் எறிந்துவிட்டு வந்தாள். அதோடு பேச்சு நின்றது.

வருஷங்கள் போயின. எவரார்தோ வசதியான இடத்தில் பெண் எடுத்தான், தொப்பை வைத்தான், புறாச் சந்தின் அடிவாரத்திலேயே ஒரு பழைய பெரிய வீட்டை வாங்கினான். நீலச் சாயம் பூசி, மாடத்தில் பூந்தொட்டி தொங்கவிட்டு, புதுமணத் தம்பதிகள் மட்டும் தங்குகிற விடுதியாக்கினான். அம்மாவின் சாத்திய ஜன்னலுக்குக் கீழே ஜோடி ஜோடியாகக் கைகோத்துக்கொண்டு போவதை ஹெர்லிந்தா தினமும் பார்த்தாள். கல்லெறியலாமா, சாக்கடையைத் திருப்பிவிடலாமா என்றெல்லாம் யோசித்தாள். பிறகு புத்தி வேலை செய்தது. எந்த ஆயுதத்தால் அடித்தானோ அதே ஆயுதம்தான்.

அந்தக் கதையை அவள் நிதானமாகக் கட்டினாள். நீல வீட்டில் முன்னொரு காலத்தில் ஒரு புதுப்பெண் இருந்தாள். புருஷன் விட்டுவிட்டு ஓடிப்போனான். அவள் ஏங்கியே செத்தாள். யாரையும் பயமுறுத்த மாட்டாள், கழுத்தை நெரிக்க மாட்டாள். அங்கே படுக்கிற ஜோடிக்கு நடுவில் சத்தமில்லாமல் வந்து படுத்துக்கொள்வாள், அவ்வளவுதான். காலையில் எழுந்தால் ஒருவர் பேச்சு இன்னொருவருக்குப் பிடிக்காது. வருஷம் திரும்புவதற்குள் பிரிந்துவிடுவார்கள். கல்யாணமான புதிதில், இந்த ஊர்ப் படிகளை வெயிலில் ஏறி இறங்கிவிட்டு, சண்டை போடாத ஜோடி உண்டா? கதை தானே தன்னை நிரூபித்துக்கொள்ளும். ஒரே ஒரு இடத்தை மட்டும் அவள் காலியாக விட்டாள். அந்தப் பெண்ணுக்குப் பெயர் வைக்கவில்லை. இன்னொரு செத்தவளின் பெயரைத் தெருவில் இழுத்துப் போட அவளுக்கு மனம் வரவில்லை.

கதையை யாரிடம் விதைப்பது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. கறுப்பு மேலங்கி போட்டுக்கொண்டு, பாட்டுப் பாடியபடி கூட்டத்தைச் சந்து சந்தாக இழுத்துப் போகிற வாத்தியக் குழுவில் மாண்டலின் வாசிக்கிற நிகாசியோ. லியோன் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன், கசில்தா யாருடைய அம்மா என்று தெரியாதவன், தங்கமான பையன், ஆனால் அவன் வாயில் ரகசியம் தங்காது.

"நிகாசியோ, ஒரு விஷயம். யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது."

"என்னைப் பெத்தவ மேல சத்தியம் அக்கா."

சொன்னாள். அவன் கண் அகன்றது.

"அந்த நீல வீட்டுலயா? ஐயோ அக்கா, என் மச்சான் கல்யாணம் முடிச்சு அங்கதான் தங்கினான். இப்ப ரெண்டு பேரும் தனித்தனி அடுப்புல சமைக்கிறாங்க!"

"பாத்தியா?" என்றாள் ஹெர்லிந்தா. இவ்வளவு சீக்கிரம் சாட்சி கிடைக்கும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை.

ஊர் அதை வாயில் போட்டு மென்றது. டாக்சிக்காரர்கள் ஜோடிகளை வேறு விடுதிக்குத் திருப்பினார்கள். பூக்காரி, "அங்கயா தங்கறீங்க கண்ணு? வேணாமே" என்றாள். எவரார்தோ பதறிப்போய்ப் பாதிரியாரைக் கூட்டிவந்து அறை அறையாகப் புனித நீர் தெளித்தான். அதைவிட முட்டாள்தனம் இல்லை. அதுவரை நம்பாதவர்களும் அன்றைக்கு நம்பிவிட்டார்கள். தொட்டிப் பூக்கள் வாடின, அவன் வாசலில் நாற்காலி போட்டு ஈ ஓட்டினான். ஹெர்லிந்தா வேண்டுமென்றே அந்த வழியாகப் போய், அவன் முகத்தைப் பார்த்துவிட்டு வேலைக்குப் போவாள். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. இதில் மூடி மறைக்க என்ன இருக்கிறது? வாய்க்கு ருசியாகச் சாப்பிட்டாள், நன்றாகத் தூங்கினாள். அம்மா படத்துக்கு முன்னால் நின்று, "பாத்துக்கிட்டே இரு" என்றாள்.

வியாகுல மாதாவின் வெள்ளிக்கிழமை வந்தது. சுரங்கக்காரர்களின் ஊருக்கு அதைவிடப் பெரிய நாள் கிடையாது. வீட்டுக்கு வீடு வாசலில் மாதாவை வைத்து, ஊதாத் துணி கட்டி, முளைவிட்ட கோதுமையும் தங்கநிறக் காகிதக் கொடி குத்திய நாரத்தம்பழமும் பரப்புவார்கள். போகிற வருகிறவர்கள் ஒவ்வொரு வாசலிலும் நின்று, "மாதா அழுதாச்சா?" என்று கேட்க வேண்டும். "அழுதாச்சு" என்று சொல்லிக் குளிர்ந்த பழரசமோ ஐஸ்கிரீமோ கொடுப்பார்கள். அதுதான் மாதாவின் கண்ணீர்.

எவரார்தோ அந்த வருஷம் ஊரிலேயே பெரிய பீடம் போட்டிருந்தான். எலுமிச்சை ஐஸ்கிரீம் பெரிய மரத்தொட்டியில் உருகிக்கொண்டிருந்தது. ஜனங்கள் எதிர்ச் சுவரோரமாக நகர்ந்து போனார்கள், ஒருவரும் கேட்கவில்லை. ஹெர்லிந்தா நல்ல உடுப்பு போட்டுக்கொண்டு, நேராக வாசலுக்குப் போய் நின்றாள்.

"மாதா அழுதாச்சா?"

எவரார்தோ நிமிர்ந்து பார்த்தான். இருபது வருஷத்துக்கு அப்புறம் அவள் அவனிடம் பேசிய முதல் வார்த்தை.

"அழுதாச்சு," என்று கிண்ணத்தை நீட்டினான். "வேடிக்கை பாக்க வந்தியா?"

"ஆமா. இன்னும் கொஞ்சம் போடு."

போட்டான். "நீ கட்டினதுன்னு எனக்குத் தெரியும். அந்த நெளிவு சுளிவு உனக்குத்தான் வரும். ஒரே ஒரு வார்த்தை, நம்ம ஆளுங்ககிட்ட பொய்யின்னு சொல்லிடு. உன் கால்ல வேணாலும் விழறேன்."

அவள் ஒரு வாய் ஐஸ்கிரீமை நிதானமாகச் சப்பி விழுங்கினாள். இந்த வார்த்தைக்காகத்தானே காத்திருந்தாள்.

"வாய விட்டுப் போன கதைக்கு ஏது சொந்தக்காரன் எவரார்தோ? நான் நிறுத்தினா நின்னுடுமா?"

அவன் கரண்டியைத் தொட்டிக்குள் போட்டான். பிறகு அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

"அது சரி. பேய்க்குப் பேரு வைக்காம விட்டியே, அது ஏன்?"

"என் இஷ்டம்."

"இத்தனை வருஷம் இந்தத் தொழில்ல இருக்க. பேரில்லாத பேய இந்த ஊரு ஒரு வாரம் வெச்சிருக்குமா? 'யாருங்க அந்தப் பொண்ணு?' அதான மொதக் கேள்வியே. இந்தச் சந்துல ஏற்கெனவே ஒருத்தி இருக்கா. தூரமா போய்த் தேடுவாங்களா?"

"உளறாத."

"உனக்கு யாரும் சொல்லலையா?"

யார் சொல்வார்கள்? வழிகாட்டியிடம் போய் யாரும் கதை சொல்வதில்லை. அவளும் மற்றவர்களின் கூட்டத்தில் நின்று கேட்கிறவள் இல்லை. சந்தின் மேலிருந்து பாட்டுச் சத்தம் இறங்கி வந்தது. நிகாசியோ முன்னால் வர, பின்னால் பெரிய கூட்டம். நீல வீட்டுக்கு எதிரே கூட்டத்தை நிறுத்தினான். ஹெர்லிந்தாவைப் பார்த்துச் சந்தோஷமாகத் தலையசைத்துவிட்டு ஆரம்பித்தான்.

"மேல அந்தச் சாத்தின ஜன்னலப் பாருங்க. கஞ்சியில விஷம் வெச்சுப் புருஷனக் கொன்ன கசில்தா வீடு. செத்த பின்னாடியும் அவளுக்கு அடங்கல. இன்னொருத்தி தன் புருஷனோட சந்தோஷமா இருந்தாப் பொறுக்குமா அவளுக்கு? அந்த ஜன்னல்லேர்ந்து இறங்கி, இதே படி வழியா, இந்த நீல வீட்டுக்குத்தான் வர்றா. ஜோடிக்கு நடுவுல படுத்துக்குவா..."

ஹெர்லிந்தாவின் கையிலிருந்து கிண்ணம் விழுந்தது.

"பொய்!" என்று அலறினாள். "அவ எங்கம்மா! கல்லுத்தூள் தின்னு செத்த மனுஷனுக்கு மூணு வருஷம் கஞ்சி ஊட்டினவ. விஷமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. இந்தப் பேயும் பொய். நான் கட்டினேன், நானே என் வாயால கட்டினேன்! அவளை விட்டுடுங்க!"

கூட்டத்தில் ஒரு பெரியவர் தொப்பியைக் கழற்றினார். ஒரு பெண்ணின் கண் கலங்கியது. அந்த ஒரு நொடி அவர்கள் நம்பினார்கள்.

அவளுக்குப் பின்னாலிருந்து யாரோ கை தட்டினார்கள். எவரார்தோ. எழுந்து நின்று, நிதானமாகத் தட்டினான். பிறகு பழைய வழிகாட்டிக் குரலை எடுத்துச் சந்து முழுக்கக் கேட்கும்படி சொன்னான்:

"கசில்தாவோட மக! ஐயாமாரே, அம்மாமாரே, கசில்தாவோட மக!"

கூட்டம் மூச்சு விட்டது. இதுவும் நாடகம்தானா என்று சிரித்துக்கொண்டு படபடவென்று கைதட்டியது. பெரியவர் தொப்பியைத் திரும்ப மாட்டிக்கொண்டு அவரும் தட்டினார். நிகாசியோ ஒன்றும் தெரியாமல், ஆசையாக மாண்டலினை மீட்டினான். "அக்கா, பிரமாதம்! தினமும் இத வெச்சுக்கலாம்" என்றான். முன்வரிசையில் புருஷன் கையைப் பிடித்திருந்த புதுப்பெண் ஒருத்தி, பயமும் சிரிப்புமாக வாசலுக்கு வந்து, கசில்தா வருகிற அறை காலியாக இருக்கிறதா என்று எவரார்தோவைக் கேட்டாள். அவன் அவளுக்கு ஒரு கிண்ணம் நிறைய ஐஸ்கிரீம் போட்டுக் கொடுத்தான்.

ஹெர்லிந்தா மறுபடியும் வாயைத் திறந்தாள். கூட்டம் ஆவலாக அவள் பக்கம் திரும்பியது. இன்னொரு தடவை சொன்னால் இன்னொரு தடவை கைதட்டுவார்கள் என்று அவளுக்குப் புரிந்தது.